குழாயைத் திறந்தால் சிறுவாணி

கோயம்புத்தூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனை அறை என்பதைச் சொல்வதற்கு முன்னாலேயே "சிறுவாணித் தண்ணிங்க" என்று சொல்லிவிடுவார்கள். வாடகையில் அதற்கென்று கொஞ்சம் ஏறியிருக்கும். வருகிறவரும் முணுமுணுக்காமல் கொடுப்பார். உலகத்திலேயே சுவையில் இரண்டாவது தண்ணீர் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முதலாவது எது என்றால் ஆளுக்கொரு ஆற்றைச் சொல்வார்கள். யார் குடித்துப் பார்த்து வரிசை போட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஊர்த் துரோகம்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். கேன் தண்ணீர் வருகிறது, தாகம் தீர்கிறது. ஆனால் தாகம் தீர்ந்த பிறகும் இன்னொரு மடக்கு குடிக்கலாம் என்று தோன்றுவதில்லை. சிறுவாணிக்கு அந்தக் குணம் உண்டு. உப்பே தெரியாத மலைத் தண்ணீர். துவரம்பருப்பு சீக்கிரம் மலரும். சோப்பை லேசாகத் தேய்த்தாலே நுரை பொங்கும். காபியில் காபி மட்டும்தான் ருசிக்கும்.

பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அமுச்சி வருவார், அம்மாவைப் பெற்றவர். அங்கே ஆயிரம் அடிக்கு போர் போட்டாலும் சில இடங்களில் காற்றுதான் வரும். வந்தாலும் உப்புக் கரிக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் காபி வேண்டாமென்று கையாட்டிவிட்டுச் சொம்பைக் கேட்பார். அண்ணாந்து, அவசரமே இல்லாமல், முழுச் சொம்பையும் குடித்து முடிப்பார். "நீங்கெல்லாம் கொடுத்து வெச்சவிங்க சாமி" என்பார். ஊருக்குத் திரும்பும்போது தூக்குப்போசி நிறையப் பிடித்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். குழாயில் வருவதைப் போய் யாராவது தீபாவளிப் பலகாரம் போலத் தூக்கிக்கொண்டு போவார்களா?

அந்தத் தண்ணீருக்காக எங்கள் வீட்டில் யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. நகர்த்தியவர் சே. ப. நரசிம்மலு நாயுடு, பத்திரிகைக்காரர். உப்புக் கிணறுகளை நம்பி ஊர் தவித்த காலத்தில், மேற்கு மலைக்குள் ஓடுகிற சிறுவாணியை இங்கே கொண்டுவர முடியும் என்று விடாமல் சொன்னவர். 1922இல் இறந்துபோனார். தண்ணீர் நகரத்துக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில், இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது. முதலியார் பெயரில் ஆர்.எஸ்.புரமே இருக்கிறது. நாயுடுவுக்கோ குழாயில் ஒரு மடக்கு குடிக்க வாய்க்கவில்லை. அமுச்சி சொன்ன கொடுப்பினை எங்கள் புண்ணியத்தில் வந்ததல்ல, நாயுடு அலைந்த அலைச்சலில் வந்தது. இதைத் தெரிந்துகொள்ள நான் ஊரைவிட்டு வரவேண்டியிருந்தது.

சிறுவாணி அணையும் நம் மண்ணில் இல்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் நிற்கிறது. 1973 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர், 99 ஆண்டுகளுக்கு. இப்போதுள்ள அணை 1984இல் முடிந்தது. கோடை வந்தால் அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் ஊரில் பேச்சு. தென்மேற்குப் பருவமழை ஒரு வாரம் தள்ளிப்போனால் மேற்கே பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஊரும் பெருத்துவிட்டது. கிழக்கே பில்லூர்த் தண்ணீர், குறிச்சிப் பக்கம் ஆழியாறு. அவையும் நல்ல தண்ணீர்தான். சிறுவாணி குடித்து வளர்ந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும்தான்.

போன முறை ஊருக்குப் போனபோது ஒரு சொந்தக்காரர் வீட்டில் மரியாதைக்காகக் கடையில் வாங்கிய பாட்டிலைத் திறந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய. ஆர்.எஸ்.புரத்திலும் பேரூர்ப் பக்கமும் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளியூரிலிருந்து யாராவது வந்தால் பாட்டில் தேட வேண்டாங்க. குழாயில் பிடித்து ஒரு சொம்பு கொடுங்கள், பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறோம்.