வேலி தாண்டாத குதிரை

சாலையிலும் ஓடாது, பந்தயத்திலும் ஓடாது. ஆனாலும் ஃபெராரியின் எஃப்எக்ஸ்எக்ஸ் காருக்கு மரனெல்லோவில் வேலை இருக்கிறது.

மோடெனா நகரிலிருந்து தெற்கே சுமார் 18 கி.மீ. போ ஆற்றுச் சமவெளி முடிந்து அபென்னைன் மலையடிவாரம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது மரனெல்லோ. கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் மூடுபனி. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், பாலாடைக்கட்டி தயாரிக்கும் பண்ணைகள், இத்தாலி முழுவதற்கும் தரை ஓடு அனுப்பும் தொழிற்சாலைகள். என்ஸோ ஃபெராரி தன் பட்டறையை 1943-ல் மோடெனாவிலிருந்து இங்கே மாற்றியிராவிட்டால் இந்த ஊரின் பெயர் மாவட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. மாற்றிய மறு வருடமே பட்டறைமீது குண்டு விழுந்தது. போர்தான் முடிந்துவிடுமே என்று அவர் திரும்பக் கட்டினார். 1947 மார்ச்சில் அவர் பெயரைத் தாங்கிய முதல் கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தது.

இன்று ஊரே ஃபெராரிதான். வாசலுக்கு எதிரே, என்ஸோ வழக்கமாகச் சாப்பிட்ட கவல்லினோ உணவகம். இறந்துபோன பந்தய வீரர்களின் பெயரில் தெருக்கள். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஃபெராரி ஜெயித்தால் தேவாலய மணி அடிப்பது ஊர் வழக்கம்.

தொழிற்சாலையை ஒட்டி, பக்கத்து ஊரான ஃபியோரானோவின் எல்லைக்குள், ஏறத்தாழ 3 கி.மீ. நீளமுள்ள ஓடுதளம் இருக்கிறது. 1972-ல் என்ஸோ போட்டது. பந்தயம் நடத்த அல்ல, சோதித்துப் பார்க்க. நடுவே சிவப்பு ஜன்னல்கள் வைத்த ஒரு வெள்ளைப் பண்ணை வீடு. என்ஸோ இங்கிருந்துதான் தன் கார்களைக் கவனிப்பார். 1988-ல் அவர் இறந்த பிறகு, சோதனைக்கு வரும்போதெல்லாம் மைக்கேல் ஷூமாக்கர் தங்கியதும் இதே வீட்டில்தான். வேலிக்கு வெளியே கேமராவும் கையுமாக எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே உள்ளே ஓடுவது எந்தக் கார் என்று சொல்லிவிடுகிற ரசிகர்கள் அவர்கள்.

அந்தக் காதுகளுக்கு 2005-ல் ஒரு புதிர் வந்தது. ஃபார்முலா 1 காரின் கீச்சுக் குரல் இல்லை. சாலைக் காரின் அடக்கமும் இல்லை. அதுதான் எஃப்எக்ஸ்எக்ஸ். 400 மட்டுமே தயாரான என்ஸோ என்ற காரை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது. (அந்த 400-வது என்ஸோவை ஃபெராரி போப்புக்குக் கொடுத்தது. 2004 சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்காக அது ஏலம் விடப்பட்டது.) என்ஸோவின் 12 சிலிண்டர் எஞ்சின் 6 லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு, எஃப்எக்ஸ்எக்ஸில் அது 6,262 சி.சி. குதிரைசக்தி 660-லிருந்து 800 ஆனது. காரைத் தரையோடு சேர்த்து அழுத்தும் காற்றின் விசை 40 சதவீதம் கூடியது. டயர்களில் வரிப்பள்ளமே கிடையாது. காய்ந்த தளத்தில் ஒட்டிக்கொள்ளும், மழை பெய்தால் வழுக்கிவிடும்.

இதற்குப் பதிவு எண் கிடைக்காது. எந்தப் பந்தயத்தின் விதிகளுக்கும் பொருந்தாது. கோடீசுவரர்களின் கிறுக்கு என்று ஒதுக்கிவிடலாம். கொஞ்சம் கிறுக்கும் உண்டுதான். ஆனால் பொறியாளர் கண்ணால் பார்த்தால் வேறு கதை. சாலைக் காரின் உருவத்தைப் புகை, சத்தம், பாதுகாப்பு பற்றிய சட்டங்கள் தீர்மானிக்கின்றன. பந்தயக் காரின் உருவத்தைப் போட்டி விதிகள் தீர்மானிக்கின்றன. இரண்டு சட்டப் புத்தகங்களையும் மூடி வைத்துவிட்டு வரைய உட்காரும் வாய்ப்பு ஒரு வடிவமைப்பாளருக்கு எத்தனை முறை கிடைக்கும்?

அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு கடிவாளம் இருந்தது: ஓட்டப்போகிறவர். விற்பனைக்குத் திட்டமிட்டது 29 கார்கள். விலை வரி நீங்கலாக 15 லட்சம் யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 8 கோடி ரூபாய். பணம் இருந்தால் மட்டும் போதாது, ஃபெராரியே ஆள் தேர்ந்தெடுத்தது. வாங்கியவர்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் ‘வாடிக்கையாளர் சோதனை ஓட்டுனர்’. சோதனை ஓட்டுனருக்குக் கம்பெனி சம்பளம் கொடுப்பதுதான் உலக வழக்கம். இங்கே ஓட்டுனர் கம்பெனிக்குக் கொடுத்தார். 30-வது கார் மட்டும் 2006-ல் ஓய்வு பெற்ற ஷூமாக்கருக்குப் போனது. கறுப்பு நிறம்.

ஓடும்போது 39 விதமான அளவுகளைக் கருவிகள் பதிவு செய்துகொண்டே இருக்கும். மெக்கானிக்குகளும் பொறியாளர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். பல உரிமையாளர்கள் காரை வீட்டுக்கு எடுத்துப் போவதுகூட இல்லை, மரனெல்லோவிலேயே விட்டுவிடுகிறார்கள். எந்த நாட்டில் ஓட்ட நாளோ அங்கே கம்பெனியே கொண்டுபோய் இறக்குகிறது.

இதில் ஃபெராரிக்கு என்ன லாபம் என்பதுதான் சுவாரசியமான விஷயம். ஷூமாக்கர் ஓட்டினால் ஒரு காரால் என்ன முடியும் என்று தெரியும். ஒரு தொழிலதிபர் ஓட்டினால், காரை விலை கொடுத்து வாங்குகிறவர் அதை என்ன பாடுபடுத்துவார் என்று தெரியும். எங்கே பயந்து பிரேக்கை மிதிக்கிறார், எங்கே அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்புக்கு 2007-ல் வந்த எவலூசியோனே வடிவத்தில் ஒன்பது படிகள் வைத்தார்கள். வளைவுக்கு வளைவு, டயரின் தேய்மானத்துக்கு ஏற்பத் திருகிக்கொள்ளலாம். துணிச்சல் இருந்தால் முழுவதுமாக அணைத்தும் வைக்கலாம்.

கியரின் கதை இன்னும் பழையது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றும் முறையை, ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் 1989-ல் முதன்முதலாகப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். சோதனைகளில் ஓயாமல் பழுதான கார் அது. ஆனால் பிரேசிலில் நடந்த அந்த வருடத்தின் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதை ஓட்டி ஜெயித்தார். எட்டு வருடம் கழித்து, 1997-ல், எஃப்355 என்ற சாலைக் காருக்கு அந்த வசதி வந்தது. எஃப்எக்ஸ்எக்ஸ் வந்த பிறகு காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. அதில் கியர் மாற ஆன நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. எவலூசியோனேயில் அதை ஆயிரத்தில் 60 பங்காகக் குறைத்தார்கள். அதே 2007-ல் விற்பனைக்கு வந்த 430 ஸ்குடேரியா சாலைக் காரிலும் அதே 60.

ஃபியோரானோவின் கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டாது. ஒரு சுற்றுக்கு என்ஸோவுக்கு ஆனது 85 வினாடி. எஃப்எக்ஸ்எக்ஸுக்கு 78, எவலூசியோனேவுக்கு 76. ஷூமாக்கர் 2004-ல் ஃபார்முலா 1 காரில் எடுத்துக்கொண்டது 55.999. கோடிகளால் எட்ட முடியாத 20 வினாடி அது.

2009-ல் ஃபார்முலா 1 சீசன் நடுவே சோதனை ஓட்டங்களுக்குத் தடை வந்தது. நாள் முழுக்க உறுமிக்கொண்டிருந்த ஃபியோரானோவில் சத்தம் குறைந்துபோனது. அதே வருடம் 599எக்ஸ்எக்ஸ் வந்தது. 2014-ல், எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 1,050 குதிரைசக்தி தரும் எஃப்எக்ஸ்எக்ஸ் கே. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவதும் ஃபார்முலா 1-ல் கற்ற வித்தைதான்.

2012 மே மாதம் மோடெனாவுக்கு வடக்கே இரண்டு முறை பூமி அதிர்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல தொழிற்கூடங்கள் இடிந்தன. நிவாரண நிதிக்காக ஃபெராரி நடத்திய ஏலத்தில் முக்கியமான பொருள், சாலையில் ஓட்ட முடியாத ஒரு 599எக்ஸ்எக்ஸ் எவலூசியோனே. 14 லட்சம் யூரோவுக்குப் போனது.

எக்ஸ்எக்ஸ் என்ற எழுத்துகளோடு, பதிவு எண் மாட்டிக்கொள்ளக்கூடிய முதல் கார் 2023-ல்தான் வந்தது: எஸ்எஃப்90 எக்ஸ்எக்ஸ். அதையும் வாங்க வழியில்லாதவர்களுக்கு மரனெல்லோ கடைத்தெருவில் வேறு ஏற்பாடு இருக்கிறது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரும் பயணிகளுக்கு நிமிடக் கணக்கில் ஃபெராரியை வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து இருக்கையில் கடைக்காரரின் ஆள் உட்கார்ந்து வழி சொல்வார். இத்தாலியில் ஊருக்குள் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ.