பிள்ளைகள் எழுதிய நம் ஊர்

கோலார் தங்கவயலில் ஞாயிறுதோறும் சிறுவர் சிறுமியர்க்கு ஓவியம் பயிற்றும் பணியை நாங்கள் சிலர் மேற்கொண்டிருக்கிறோம். முதல் வகுப்பில், "உங்கள் ஊரை எழுதுங்கள்" என்று கூறித் தாளும் வண்ணமும் கொடுத்தோம். அரைமணி கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் இரண்டு கூர்மலைகள், நடுவே எழும் கதிரவன், ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை! அன்பர்களே, நம் வயலில் ஆறு ஏது? சன்னல் வழியே நோக்கினால் சயனைடு மேடு சாம்பல் நிறத்தில் வானை மறைத்து நிற்கிறது. அதனை ஒரு பிள்ளையும் எழுதவில்லை.

பிள்ளைகளைக் குறை கூறலாகாது. அழகு என்பது வேறெங்கோ இருப்பது என்று அவர்கட்குக் கற்பித்தவர் யாவர்? "இவ்வூரில் என்ன இருக்கிறது, படித்துவிட்டு வெளியே போ" என்று நாள்தோறும் சொல்பவர் நாமல்லரோ?

இங்கிலாந்தின் வடபகுதியில் ஆஷிங்டன் என்றொரு நிலக்கரி ஊர் உண்டு. 1934-இல் அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளர் சிலர் கலையை அறிய விரும்பி வகுப்பொன்று அமைத்தனர். ராபர்ட் லயன் என்னும் ஆசிரியர் பழைய இத்தாலிய ஓவியங்களின் படங்களைக் காட்டி விளக்கினார். அவை அவர்கள் மனத்தில் ஒட்டவில்லை. ஆசிரியர் அறிவுடையவர், "நீங்களே எழுதிப் பாருங்கள்" என்று விட்டுவிட்டார். அவர்கள் தாங்கள் இறங்கிய குழியையும், தங்கள் அடுக்களையையும், தோட்டத்தையும், வளர்த்த நாயையும் எழுதினர். அவ்வோவியங்கள் இன்று உட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதனை அறிந்தபோது எங்களுக்கு ஊக்கம் மிகுந்தது. நம் ஊர்க் கதை அதனினும் சிறிதோ? 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், சாதிக் கொடுமைக்கும் பசிக்கும் தப்பி இங்கு வந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. சாம்பியன் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றது. எண்ணூறு டன்னுக்கும் மேற்பட்ட பொன்னைத் தோண்டியவர் வாழ்ந்தது மூங்கில் தட்டிக் குடிசையில். 2001 பிப்ரவரி 28-இல் யாவும் நின்றன.

ஆகவே அடுத்த வாரம், வீட்டிலுள்ள பழம்பொருளொன்றை எடுத்துவந்து எழுதுமாறு சொன்னோம். தலைவிளக்கு வந்தது; எண் பொறித்த பித்தளை வில்லை வந்தது; கோழிக்குத் தீனி வைக்கும் தொப்பியொன்றும் வந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு தாய் வந்தார். "ஐயா, என் மாமனார் உள்ளே பாறை வெடித்து மாண்டார். அந்த விளக்கைப் பெட்டிக்கடியில் போட்டு மூடி வைத்தோம். அதை மறுபடியும் என் பெண் கையில் ஏன் கொடுக்கிறீர்கள்? படம் வரையத்தானே அனுப்பினேன்?" என்றார். நாங்கள் விடை கூற இயலாமல் நின்றோம். பெருமை எங்களுடையது, துயரம் அவருடையது. கூர்மலையை நீக்கிவிட்டு எங்கள் விருப்பத்தைப் பிள்ளைகள் தாளில் ஏற்றினோமேயன்றி, அவர்கள் கண்டது யாது என்று கேட்டோமில்லை.

அதன்பின் பொருள் எதனையும் நாங்கள் குறிப்பதில்லை. "இவ்வாரம் நீ உற்றுப் பார்த்தது எது?" என்று மட்டுமே கேட்கிறோம். பலர் எழுதியது சுரங்கமன்று, இரயில்! விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, வேலைக்குச் செல்வோரைப் பெங்களூருக்குச் சுமந்து செல்லும் இரயில். அத்தாயின் மகளும் அதனையே எழுதினாள்: சன்னலோரம் சாய்ந்து உறங்கும் ஒரு பெண், மடியில் சோற்றுப் பை. தாய் அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். "என் புடவைக் கரை பச்சை, இவள் சிவப்புத் தீட்டியிருக்கிறாள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மகள் மறுவாரமும் வந்தாள்.

சென்ற மாதம் படங்களைச் சுவரில் ஒட்டி ஊராரை அழைத்தோம். சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரத்தை ஒரு சிறுவன் தானாகவே எழுதியிருந்தான். ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அதன்முன் நின்று, "தம்பி, ஒரே கயிறு போட்டிருக்கிறாயே! ஒரு கூண்டு இறங்கும்போது மற்றொன்று ஏறும். கயிறு இரண்டு வேண்டும்" என்றார். "தாத்தா, நான் பிறக்குமுன்பே கயிறு போய்விட்டதே" என்றான் சிறுவன். முதியவர் அங்கேயே தரையில் அமர்ந்து, கயிறு எவ்வாறு சக்கரத்தில் ஏறிச் சுற்றுமென்று விரலால் கோடிழுத்துக் காட்டினார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். எங்கள் வகுப்பு அன்று அவருடையதாயிற்று.

இப்பொழுது அவர் ஞாயிறுதோறும் வருகிறார். தாளும் வண்ணமும்தான் போதவில்லை. உதவ விரும்பும் அன்பர்கள் சங்கத்தில் சொல்லியனுப்பலாம்.