நான்கு விரல் இடைவெளி

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் நான் இரண்டாம் ஆண்டில் காலடி வைத்தபோது, அப்பா தம்முடைய மைவியின் சாவியை என் கையில் கொடுத்தார். 2008ஆம் ஆண்டு வண்டி. கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் 27 ஆண்டுகள் குலை லோரி ஓட்டியவர் அவர். "வண்டியைப் பத்திரமா பாத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

வளாகத்தில் என் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே இருந்த இடைவெளி. நான்கு விரல்களை நுழைத்தாலும் இடம் மிச்சமிருந்தது. விடுதி வாசலில் நின்ற மூத்த மாணவர்களின் வண்டிகளோ தரையோடு ஒட்டிப் பதுங்கிய புலிபோல் நின்றன. என் மைவி அவற்றின் பக்கத்தில் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வயலில் இறங்கியவனைப்போல நின்றது. தாழ்த்தியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பட்டறைக்காரர் மூன்று வழிகளைச் சொன்னார். பெயர் பெற்ற நிறுவனத்தின் தாழ்வுச் சுருள்வில் முதல் வழி. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு இரண்டாவது. மூன்றாவது, இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டுவது. "ஒன்றரைச் சுத்து வெட்டினா போதும் தம்பி, 80 வெள்ளி. சாயங்காலமே எடுத்துக்கலாம்" என்றார். பையில் இருந்ததோ 100 வெள்ளி. மாலையில் வண்டியை எடுத்தபோது இரண்டு விரல்கூட நுழையவில்லை. அன்றிரவு அதை எட்டுக் கோணங்களில் படம் பிடித்தேன்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். பண்டிகையன்று காலை பாட்டி, அம்மா, தங்கை மூவரும் பின்னால் ஏறினார்கள். முறுக்கு டின்களும் பலகாரப் பைகளும் பின்பெட்டியில். அப்பா என் பக்கத்தில். கோயிலுக்குப் புறப்பட்டோம். தோட்டத்து நுழைவாயிலில் வேகத்தடை மேடு ஒன்று உண்டு. முன்சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டியின் வயிறு மேட்டின்மேல் 'கரக்' என்று உட்கார்ந்துவிட்டது. பின்னால் டயர் வளைவில் உரசிக் கருகிய ரப்பர் வாடை வந்தது. பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்றார்.

வேறு வழியில்லை. எல்லாரும் இறங்கினார்கள். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, புதுச் சேலையில், ஊன்றுகோலோடு செம்மண்ணில் இறங்கி நடந்து மேட்டைத் தாண்டினார். ஆளில்லாத வண்டியை நான் மெல்ல உருட்டிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிறுத்தினேன். தோட்டத்துச் சனம் வேடிக்கை பார்த்தது. திரும்பும்போதும் அதே கதைதான். அப்பா திட்டவில்லை. வீட்டு வாசலில் ஒன்றே ஒன்று சொன்னார்: "வண்டி ஆளைச் சுமக்கணும்பா. வண்டிக்காக ஆளு இறங்கி நடக்கக்கூடாது."

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். வெட்டிய சுருளின் முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாமல் கோணலாக நின்றது. அப்பா அதைத் தொட்டுக் காட்டினார். பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும் நேரத்தில் இப்படிப்பட்ட சுருள் இடம் விட்டு நழுவலாம். வளைவான சாலையில் அது நடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெட்டுவதற்குப் பதில் நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவாரும் உண்டு. அது இன்னும் மோசம். எஃகுக்குக் கொடுத்திருக்கும் பதம் கெட்டு, நாளாக நாளாகச் சுருள் தொய்ந்துபோகும்.

வளாகம் திரும்பியதும் இயந்திரப் பொறியியல் படிக்கும் நண்பனிடம் போனேன். அவன் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இன்றும் நினைவிருக்கிறது. சுருளின் கடினம் கம்பியின் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. எட்டுச் சுற்றை ஆறாக்கினால் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். கம்பி 10 விழுக்காடு தடித்தால் கடினம் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். ஒரு பக்கத்துப் பின்சுருள் 1 மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ வேண்டும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பின்னால் 180 கிலோ ஏறினால் ஒரு பக்கத்துக்கு 90 கிலோ. வண்டி 45 மில்லிமீட்டர் இறங்கும். 50 மில்லிமீட்டரை அழகுக்காக முன்பே எடுத்துவிட்டால் மேடு பள்ளத்துக்கு மிச்சம் ஏது? சுருள் ஓய்ந்த இடத்தில் ரப்பர்த் தடுப்பு இடிக்கும். அந்த இடிதான் பாட்டியின் இடுப்பில் விழுந்தது.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். லோரிக்காரரான அப்பாவோ அதைத் தினமும் எடைபோட்டு வாழ்ந்தவர். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, "எந்த ஸ்பிரிங் நல்லதுப்பா?" என்று அவரிடமே கேட்டேன். "எத்தனை பேரை ஏத்துவே? எந்த ரோட்டுல ஓட்டுவே? அதை முதல்ல சொல்லு" என்றார்.

அந்த இரண்டு கேள்விகளோடுதான் மறுபடி தேடினேன். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்க்க ஐந்து மாதம் ஆனது. 50 மில்லிமீட்டரை மறந்து, 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தும், என் வண்டிக்கென்றே செய்த சுருளைத் தேர்ந்தேன். அதன் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். நெருக்கமானவை முதலில் அமுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாரம் கூடக்கூடச் சுருள் கடினமாகும். தனியே போகையில் மென்மை, குடும்பத்தோடு போகையில் உறுதி. பத்து வயது அப்சோர்பர்களையும் கூடவே மாற்றினேன். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும்; அதன் துள்ளலை அடக்குவது அப்சோர்பர். கடினமான புதுச் சுருளைத் தளர்ந்த அப்சோர்பரால் அடக்க முடியாது. வண்டி ஒரு மேட்டுக்கு மூன்று முறை குதிக்கும்.

பொருத்தும் வேலையை இம்முறை வேறு பட்டறையில், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன்சுருளை அதற்குரிய கருவியால் இறுக்கித்தான் கழற்ற வேண்டும். அமுங்கியிருக்கும் சுருள் நழுவினால் ஆளையே கொல்லும். வீட்டில் முயல வேண்டாம். ரப்பர்ப் புஷ்களின் திருகாணிகளை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக முடுக்கினார்கள். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும். பிறகு சக்கர நேர்ப்பாடு பார்த்தார்கள். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். அதை விட்டால் டயரின் ஓரம் சத்தமில்லாமல் தேயும். சுருள் படிந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இடைவெளி இப்போது ஏறக்குறைய மூன்று விரல். வளாகத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நண்பன் "எறக்கினியா இல்லையா?" என்றுகூடக் கேட்டான். ஆனால் வளைவுகளில் வண்டி முன்போல் சாயவில்லை. திருப்பினால் சொன்ன பேச்சைக் கேட்டது.

அடுத்த விடுமுறையில் அதே ஐந்து பேர், அதே நுழைவாயில். மேட்டை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தேன். பாட்டி பழக்கத்தில் கதவுப் பிடியைத் தேடினார். "இறங்க வேணாம் பாட்டி" என்றேன். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. சத்தமில்லை. அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது தூரம் போன பிறகு, "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எளிதில் வராது.

தம்பி தங்கையரே, வண்டியைத் தாழ்த்தாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இளமையின் ஆசை அது. எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தாழ்த்துவதற்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதியைக் கேட்டறியுங்கள். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பழைய சுருளைத் தூக்கி எறியாதீர்கள். கடைக்குப் போகுமுன் ஒருமுறை உங்கள் வீட்டார் அனைவரையும் வண்டியில் ஏற்றி, ஊர் மேட்டின்மேல் ஓட்டிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தலாம் என்பதை அந்த மேடு சொல்லிவிடும்.