அக்காவைக் கேட்காமல்

அக்காவுக்கு மார்பகத்தில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நோயியல் அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம்தான் பேசினார். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள். அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். "மாத்திரை எப்படியும் உண்டு. கீமோவும் வேணுமான்னு பார்க்க ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கு. கட்டியோட துண்டை அமெரிக்காவுக்கு அனுப்பணும். லட்சக்கணக்குல ஆகும், வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் வீட்டில் பேசவில்லை. அங்கேயே, "அது வேண்டாம் டாக்டர், கீமோவே கொடுத்துடுங்க" என்றேன்.

பணம்தான் காரணம் என்று அத்தானிடம் சொன்னேன். அது பொய். கடன் வாங்கியாவது கட்டியிருப்பேன். அப்போது அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகும் நிலை. அந்த நேரத்தில் 'மரபணுவில் கோளாறு' என்று ஒரு காகிதம் வந்து, அது யார் வாயிலாவது விழுந்து, "பரம்பரை வியாதியாமே" என்று பெண்ணின் வாழ்க்கையில் வந்து நின்றால்? தாய்மாமனாக அவளைக் காப்பாற்றுகிறேன் என்று மனதார நம்பினேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை, பிறகு எதற்கு மரபணுவைத் தோண்ட வேண்டும் என்றும் தோன்றியது.

அக்காவுக்கு நான்கு சுற்று கீமோ ஏறியது. டோசிடாக்செல், சைக்ளோபாஸ்பமைடு. முடி கொட்டி மறுபடி முளைத்தது. வாய்ப்புண் ஆறியது. கால் விரல்கள் மரத்துப்போனது மட்டும் சரியாகவில்லை. செருப்பு கழன்றுபோனாலும் அவளுக்குத் தெரியாது. சிறிது தூரம் வெறுங்காலுடன் நடந்த பிறகு யாராவது சொன்னால்தான் குனிந்து பார்ப்பாள். படி இறங்க ஒரு தோள் வேண்டும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன்பின் ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது அக்கா மகளும் வந்திருந்தாள். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா டாக்டர்?" என்று கேட்டாள். அன்று இருந்தவர் இளம் டாக்டர், ஒரு பெண். நான் முந்திக்கொண்டு, "மரபணு டெஸ்ட் அப்பவே சொன்னாங்க மேடம், நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றேன்.

அவர் பழைய கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி இரண்டு முறை படித்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, அவசரமே இல்லாமல் பேசினார்.

"அது வேற சார். ஆன்கோடைப் டிஎக்ஸ்னு பேரு. பிறவியில வர்ற மரபணுவை அது பார்க்கிறதில்லை. கட்டிக்குள்ள 21 மரபணுக்கள் எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு அளக்கும். அதுல 16 புற்றுநோயோட நடத்தையைச் சொல்லும். மீதி 5 ஒப்பிட்டுப் பார்க்க. 0-லேர்ந்து 100 வரைக்கும் ஒரு மதிப்பெண் வரும். நோய் திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு, கீமோவால பலன் உண்டான்னு அதை வச்சு சொல்லலாம். உங்க பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

சம்பந்தமே இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின் அவர் சொன்ன எதுவும் சிறிது நேரம் என் காதில் ஏறவில்லை. எந்தக் காகிதத்துக்குப் பயந்தேனோ அந்தக் காகிதம் வந்திருக்கவே போவதில்லை. அக்கா தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தொடர்ந்தார். 2018-இல் டெய்லர்எக்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். அக்காவைப் போல ஐம்பதைத் தாண்டி, நெறிக்கட்டிக்குப் பரவாமல், இதே வகைக் கட்டி உள்ளவர்களில் மதிப்பெண் 25 வரை வந்தால் கீமோவால் கூடுதல் நன்மை இல்லை. ஹார்மோன் மாத்திரையே போதும். அதற்கு மேல் வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ பதினான்கு பேர். அக்கா அந்தப் பதினான்கில் ஒருத்தியாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் கீமோ சரிதான். இல்லையென்றால் அந்த மரத்துப்போன விரல்கள் எதற்காக? பணம் உண்மையிலேயே தடையாக இருந்திருந்தால், பெங்களூரிலேயே ஐந்து புரதங்களை வைத்து இதே கேள்விக்குப் பதில் தேடும் கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் பரிசோதனை இருந்தது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மகளுக்குப் பயன்படக்கூடியது, பிறவியில் வரும் மரபணுவைப் பார்க்கும் பிஆர்சிஏ பரிசோதனையாம். அதற்கு அக்காவின் ரத்தம் போதும். அதையும் நாங்கள் செய்யவில்லை. அவளைக் காப்பதாக நினைத்து, அவளுக்கு வேண்டியதையும் சேர்த்தே தட்டிவிட்டிருக்கிறேன்.

வண்டியில் திரும்பும்போது அக்கா கேட்டாள். "முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன். பத்தாவது பிள்ளைங்களுக்கு நிகழ்தகவு நடத்தினவ. அந்த நம்பரை என்கிட்ட குடுத்திருந்தா எனக்குப் புரியாதாடா?"

பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குத்தான் எங்கள் வீட்டில் யாரைவிடவும் நன்றாகப் புரிந்திருக்கும்.

அடுத்த முறை போனபோது பிஆர்சிஏ பற்றிப் பேச அக்காவும் மகளும் சேர்ந்து உள்ளே போனார்கள். நான் எழுந்ததும் அக்கா, "நீ இங்கயே உக்காரு, கூப்பிட்டா வா" என்றாள். வெளியே உட்கார்ந்தேன். வெகுநேரம் பேசினார்கள். ரத்தம் கொடுக்க அக்காவே கையெழுத்திட்டாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை; சொல்ல வேண்டியதை அவள் அப்புறம் சொன்னாள்.