இரவில் வீட்டில் இருப்பவள் நீ

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பா,

மாப்பிள்ளைக்கு மறுபடி மூன்றாவது ஷிப்ட் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நில அதிர்வு வந்தால் சமாளிக்க வீடுகள் எவ்வளவு தயார் என்று கணக்கெடுக்க, என் மாணவர்களோடு ஒரு கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் பக்கம் ஏது பூகம்பம் என்பாய். 1984 மார்ச்சில் ஓசூருக்குத் தெற்கே பூமி அதிர்ந்திருக்கிறது, சிறியதுதான். ஆனால் மகாராஷ்டிரத்துக் கில்லாரியும் நில அதிர்வு வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், அங்கே பூமி அதிர்ந்து, மண்சாந்து வைத்துக் கட்டிய கனமான கல்சுவர்கள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2002இல் முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கேட்கிறார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கல்பலகை வீடுகளின் ஆபத்தை அதிலிருந்து ஓரளவு கணிக்கலாம். உள்ளே யார் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்பது அதில் வராது.

மாப்பிள்ளையைக் கேட்டால் டக்கென்று பதில் சொல்வார். கம்பெனியில் மாக் டிரில் நடக்கிறது, அசெம்பிளி பாயின்ட் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அவர் பதிலை எழுதிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு முழு மார்க் போட்டால் அது பொய்க் கணக்கு. ராத்திரி நாலு மணிக்குக் குழந்தையோடு இருப்பவள் நீ. அதனால் குடும்பத் தலைவரைக் கேட்பதை விட்டு, இரவில் வீட்டில் இருப்பவரையே கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். 'என்ன செய்வீர்கள்' என்றும் கேட்கப்போவதில்லை. செய்து வைத்திருப்பதை மட்டும்தான் கேட்பேன்.

நீ சொல். கட்டிலுக்குப் பக்கத்து பீரோவைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறாயா? பரண்மேல் பித்தளை அண்டா இன்னும் இருக்கிறதா? சிலிண்டர் ரெகுலேட்டரை நீயே மூடிப் பழகியிருக்கிறாயா? லைன் வீட்டுக் கேட்டை இரவில் பூட்டினால் சாவி யாரிடம்? எதிர்வீட்டு ஒடிசாப் பிள்ளைகளுக்கு அது தெரியுமா? அதிரும்போது ஓடாதே, குழந்தையை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் போ, நின்றபின் வெளியேறு.

ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷினோடு வருகிறேன். சுவரில் துளை போட வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே கேட்டு வை. அண்டாவை அதற்குள் இறக்கிவிடு.

அன்புடன்,
அண்ணன்