வெண்மலையைச் சுற்றி: செய்தியாகாத ஒரு பின்வாங்கல்

பத்திரிகை அலுவலகங்களில் எழுதப்படாத விதியொன்று உண்டு. ஒரு நாளில் நிகழ்ந்து முடிவது செய்தி. முப்பது ஆண்டுகளாக நிகழ்ந்துகொண்டிருப்பது செய்தியன்று. பாலம் இடிந்து விழுந்தால் முதற்பக்கம். அதே பாலத்தின் இரும்பு ஆண்டுக்கணக்காகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு உள்பக்கத்திலும் இடமில்லை. அச்சேறும் நேரத்தைக் கொண்டே உலகை அளக்கும் தொழிலில் இது தவிர்க்க இயலாததுதான். ஆனால் 2025 ஆவணியில் அல்ப்ஸ் மலைகளில் பதினொரு நாட்கள் நடந்தபோது, இவ்விதியின் இடுக்கில் எத்துணைப் பெரிய நிகழ்வுகள் கண்ணுக்குத் தப்பிப்போகின்றன என்று திரும்பத் திரும்ப எண்ண நேர்ந்தது.

நாங்கள் நடந்தது மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் பாதை. 'வெண்மலை' என்பதே அப்பெயரின் பொருள். 4,800 மீற்றருக்குச் சற்று மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையின் உச்சிக்கு இப்பாதை செல்வதில்லை. பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளினூடாகச் சுமார் 170 கிலோமீற்றர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீற்றர் வரும். ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஓராஸ்-பெனடிக்ற் டி சோசூர், 1760இல் இம்மலையின் உச்சியை அடையும் வழியைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசு அறிவித்தவர்; 1767இல் தாமே இம்மலையைச் சுற்றிவந்தார். உச்சியை பல்மாவும் பக்காரும் தொட்டது 1786இல். ஆக, ஏறுவதற்கு முன்பே சுற்றிவரும் வழக்கம் பிறந்துவிட்டது. கோயிலை வலம்வந்து பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஒரேயொரு வேறுபாடு: இங்கே பெரும்பாலானோர் இடமாகச் சுற்றுகிறார்கள்.

என்னுடன் வந்தவன் என் சித்தியின் மகன். 1980களின் பிற்பகுதியில் அகதியாகச் சுவிற்சர்லாந்துக்கு வந்து, முதலில் இம்மலைப்பகுதியிலேயே ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவன். இன்று சூரிச் பக்கத்தில் பேரப்பிள்ளைகளுடன் வாழ்கிறான். "அண்ணை, நீங்கள் மெதுவா நடவுங்கோ. மலை எங்கையும் ஓடாது" என்பது அவன் முதல்நாள் சொன்ன அறிவுரை. மலை ஓடவில்லை என்பது உண்மைதான்.

பிரான்சின் லே ஊஷ் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டோம். அதற்கு அண்மையில் சென் ஜெர்வே என்ற ஊர் இருக்கிறது. 1892 ஆடி மாதம் 11ஆம் திகதி இரவு, மேலேயுள்ள தேத் றூஸ் என்ற சிறிய பனியாற்றின் உள்ளே தேங்கியிருந்த நீர் திடீரென உடைத்துக்கொண்டு பாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த சுமார் 175 பேரைக் கொண்டுபோயிற்று. அது உலகச் செய்தியாயிற்று. அதே பனியாற்றின் உள்ளே மீண்டும் 50,000 கன மீற்றருக்கும் அதிகமான நீர் தேங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து, 2010இல் பனியைத் துளைத்து அதை இறைத்து வெளியேற்றினார்கள். எவரும் இறக்கவில்லை. அதனால் பிரான்சுக்கு வெளியே அதை அறிந்தவர் சிலரே. நடவாமல் போன பேரழிவுக்குத் தலைப்பு எழுதுவது எந்த ஆசிரியருக்கும் கடினம்.

மலைக்குடில்களைப் பற்றிச் சொல்லாமல் இந்நடையைப் பற்றிச் சொல்ல முடியாது. காலையில் புறப்பட்டு ஆறேழு மணி நேரம் நடந்தபின், கல்லாலும் மரத்தாலும் கட்டிய ஒரு வீடு மலைச்சரிவில் தென்படும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே அணியச் செருப்பு அடுக்கி வைத்திருப்பார்கள். பெரிய அறையில் வரிசையாகப் படுக்கைகள். உறைபோலத் தைத்த விரிப்பை அவரவரே கொண்டுவர வேண்டும். இரவுணவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், நீண்ட மேசைகளில். மருத்துவரும் தச்சரும் மாணவியும் அருகருகே இருந்து ஒரே சட்டியிலிருந்து சூப்பை அள்ளிக்கொள்கிறார்கள். பத்து மணிக்கு விளக்கணையும். அங்கே ஒரு பதிவேடும் இருக்கும். எங்கிருந்து வந்தோம், நாளை எங்கே செல்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். ஒருவர் காணாமற்போனால் தேடுவோருக்கு அதுவே முதற்தடயம்.

இக்குடில்களில் பல, பனியாறுகளின் எதிரே அமைந்தவை. 2,516 மீற்றர் உயரமான செய்ஞ் கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கியபோதும், பின்னர் ஃபெரே பள்ளத்தாக்கில் நடந்தபோதும் அதைக் கண்டோம். நாங்கள் தங்கிய ஒரு குடிலின் உணவறைச் சுவரில் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று தொங்கியது. அதே யன்னலிலிருந்து எடுத்த படம். படத்தில் பனி பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கியிருந்தது. யன்னலுக்கு வெளியே பனி வெகு உயரத்தில் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடைப்பட்ட இடமெல்லாம் சாம்பல்நிறக் கற்குவியல். படத்தின் கீழே ஆண்டு எதுவும் எழுதப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் படத்தையும் யன்னலையும் மாறிமாறிப் பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை.

அந்த இத்தாலியப் பள்ளத்தாக்கில், கிராண்ட் ஜோராஸ் சிகரத்தின் கீழே பிளான்பான்சியு என்ற பனியாறு தொங்கிக்கொண்டிருக்கிறது. 2019 புரட்டாதியில் அதிலிருந்து சுமார் 250,000 கன மீற்றர் பனி சரிந்துவிடலாம் என்று எச்சரிக்கை வந்தபோது, கூர்மாயர் நகரின் மேயர் கீழேயுள்ள வீதியை மூடினார். உலகப் பத்திரிகைகள் அனைத்தும் அச்செய்தியை வெளியிட்டன. 2020 ஆவணியிலும் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அஞ்சிய பெருஞ்சரிவு அப்போது நிகழவில்லை. நிருபர்கள் திரும்பிப் போனார்கள். பனியாறு அங்கேயே இருக்கிறது, கருவிகள் அதைக் கண்காணித்தபடி இருக்கின்றன.

2,537 மீற்றர் உயரமான பெரிய ஃபெரே கணவாய் இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையிலான எல்லை. அங்கே காவலரணும் இல்லை, முட்கம்பியும் இல்லை. சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியே வாழ்நாளின் பாதியைக் கழித்த நான் அங்கே சிறிது நேரம் நின்றேன். இதே இரு நாடுகளின் எல்லையில், கிழக்கே மற்றர்ஹோர்ன் பக்கத்தில், வேறொரு விந்தை நிகழ்ந்திருக்கிறது. அங்கே பனியாற்றின் முகட்டை ஒட்டியே எல்லைக்கோடு வகுக்கப்பட்டிருந்தது. பனி உருகியபோது முகடு நகர்ந்தது, எல்லையும் நகர்ந்தது. ஒரு மலைக்குடில் எந்த நாட்டுக்குரியது என்ற கேள்வியே எழுந்தது. இரு நாட்டு அதிகாரிகளும் அளந்து, பேசி, 2023இல் உடன்பட்டார்கள். சுவிஸ் அரசு 2024இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. எல்லை மாறியது, ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. இதையும் நம்மில் பலர் கேள்விப்பட்டிரோம்.

தம்பி காத்திருந்த இடம் திரியான். ஃபோர்க்லா கணவாயிலிருந்து பழைய நீர்வாய்க்கால் ஒன்றை ஒட்டி ஏறத்தாழ மட்டமான பாதை பனியாற்றை நோக்கிச் செல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அப்பனியாற்றிலிருந்து பனிக்கட்டி வெட்டி, இவ்வழியே தண்டவாளம் அமைத்துத் தள்ளிக் கொண்டுவந்து நகரங்களுக்கு விற்றார்கள். அள்ள அள்ளக் குறையாது என்று அன்று நினைத்திருப்பார்கள்.

ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் தம்பி ஓய்வுநாட்களில் தனியே இங்கு நடந்து வருவானாம். 1980களில் அல்ப்ஸின் சில பனியாறுகள் சற்று முன்னேறியும் இருந்தன. திரியான் அவற்றுள் ஒன்று. பாதை முடியும் இடத்திலுள்ள தேநீர்க்கடையிலிருந்து சற்று மேலேறினால் பனியின் நுனியை அடைந்துவிடலாம் என்றான். ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாத நாட்களில், கடிதம் வராத வாரங்களில், அப்பனியில் கைவைத்துவிட்டுத் திரும்புவது அவனுக்கு ஒரு வழக்கமாக இருந்திருக்கிறது.

தேநீர்க்கடையின் முன் நின்று மேலே பார்த்தோம். நுனி இருந்த இடத்தில் மரக்கன்றுகளும் புதர்களும் முளைத்திருந்தன. அதற்கும் மேலே மழித்தெடுத்தாற்போல் வழவழப்பான பாறை. அதற்கும் வெகு மேலே, எட்டாத உயரத்தில், வெண்மை. தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணி உவராகினது எப்ப எண்டு ஆருக்காவது தெரியுமே? ஒரு நாளில நடந்திருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லின் கீழே மழைநீர் மட்டுமே நன்னீர். இறைப்பது மிஞ்சினால் உவர் மேலேறும். அது எந்தத் திகதியில் நிகழ்ந்தது என்று எந்தப் பத்திரிகையும் எழுத முடியாது. அவன் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அந்த நடைக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான், 2025 மே 28இல், இதே வலே மாநிலத்தில் பிளாற்றன் என்ற கிராமத்தின் பெரும்பகுதியை, பாறைச்சரிவின் பாரம் தாங்காது பெயர்ந்த பேர்ச் பனியாறு மூடிவிட்டது. ஏறத்தாழ 300 பேரை ஒன்பது நாட்களுக்கு முன்னரே வெளியேற்றியிருந்தார்கள், இறந்தவர் ஒருவர். படங்கள் உலகெங்கும் சென்றன. ஆனால் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 1960க்கும் 1990க்கும் இடையில் முப்பது ஆண்டுகளில் இழந்த அளவு அது. இவ்விரண்டில் எது பெரிய நிகழ்வு?

முன்னோரின் அச்சம் வேறாக இருந்தது. 1644இல் சமோனிப் பள்ளத்தாக்கில் பனியாறு வளர்ந்து வயல்களை நோக்கி வந்தபோது, ஏறத்தாழ 300 பேர் ஆயரின் தலைமையில் ஊர்வலமாகச் சென்று அது பின்வாங்க வேண்டுமென்று மன்றாடினார்கள். அலெற்ஷ் பனியாற்றின் கீழேயுள்ள ஃபீஷ் கிராமத்தவர் 1678இல் அதுபோன்றதொரு நேர்த்தி வைத்தார்கள். அதே மக்கள் 2010இல் பாப்பரசரின் அனுமதி பெற்று மன்றாட்டை மாற்றிக்கொண்டார்கள். பனியாறு குறையாதிருக்க வேண்டும் என்று இப்போது வேண்டுகிறார்கள்.

நடை முடியும் தறுவாயில், சமோனியிலிருந்து மோந்தன்வேருக்குப் பல்சக்கர ரயிலில் சென்றோம். 1909இல் அந்த ரயில் வந்தபோது 'பனிக்கடல்' எனப்படும் பனியாறு நிலையத்தின் அருகே நிறைந்து கிடந்தது. அங்கே அதன்பின் பனி நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. இறங்கும் வழியில் பனி எந்த ஆண்டில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று காட்டும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஆண்டைத் தவிர அவற்றில் வேறொன்றும் பெரிதாக இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் இடையே படிகள், படிகள், மேலும் படிகள். மெதுவாக நிகழ்வதை எழுதும் முறை இதுதான் என்று எனக்குத் தோன்றியது: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, அளந்து, ஆண்டைக் குறித்துவைப்பது. வியப்புக்குறி எதுவும் தேவையில்லை.

அன்றிரவு தம்பி ஊரிலிருக்கும் தன் தங்கையுடன் தொலைபேசியில் பேசினான். சுகம் விசாரித்தபின் அவன் சொன்னது எனக்குக் கேட்டது: "பிள்ளை, மாசத்துக்கு ஒருக்கா கிணத்துக்குள்ள கயிறு விட்டுத் தண்ணி எவ்வளவு ஆழத்தில நிக்குது எண்டு பார். கொப்பி ஒண்டில திகதியோட எழுதி வை."

எதற்கென்று அவள் கேட்டிருக்க வேண்டும். "சும்மா எழுதி வை. பிறகு தேவைப்படும்" என்றான்.