பழைய சட்டமும் புதிய சக்கரமும்

தமிழில் ‘சட்டம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. அரசு வகுக்கும் விதியும் சட்டம். கதவையும் கண்ணாடியையும் தாங்கி நிற்கும் மரக்கூடும் சட்டம். இன்ன அளவுக்குள் அடங்குக என்று சொல்வது இரண்டுக்கும் பொதுவான குணம். மிதிவண்டிக் கடைக்காரர்கள் ‘பிரேம்’ என்று கூறும் குழாய்க் கூட்டையும் சட்டம் என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அச்சொல்லின் இரு பொருளும் எனக்கு ஒருசேர விளங்கியது ஒரு மிதிவண்டியின் முன்னால்தான்.

சென்ற ஆண்டு, கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் பணிபுரியும் என் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அவனுக்கும் எனக்கும் இடையில் பேச்சு உண்டு; உரையாடல் இல்லை. பன்னிரண்டு வயதில் அவனை நான் ஓதிய அரபிக் கல்லூரியிலேயே சேர்த்தேன். என் உஸ்தாதிடம் நான் ஓதிய நஹ்வுக் கிதாபுகளை அவனும் ஓதி, எனக்குப்பின் அந்தப் பாயில் அமர வேண்டும் என்பது என் எண்ணம். மூன்றாம் ஆண்டில் அவன் வெளியேறினான். பிறகு பள்ளியில் படித்தான், பொறியாளன் ஆனான், கடல் கடந்தான். நலம் விசாரிப்போம்; பெருநாள் வாழ்த்துச் சொல்வோம்; அதற்கு மேல் இல்லை.

அவன் வீட்டில் கார் நிறுத்தும் கொட்டிலில் கார் நிற்பதில்லை. சுவரெங்கும் மிதிவண்டிச் சட்டங்கள் தொங்கின. விடுமுறை நாட்களில் அஸருக்குப் பிறகு அவன் அங்கே சென்றுவிடுவான். வேறு வேலை இல்லாத நானும் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்தேன்.

அப்போது அவன் கையில் இருந்தது 1987ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு மலைமிதிவண்டியின் எஃகுச் சட்டம். பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் சக்கரம் இல்லாமல் வாங்கியது. அக்காலத்துச் சக்கரத்தை அதில் மாட்டாமல் வேறு அளவுச் சக்கரமும் வேறு வண்டிக்குரிய உறுப்புகளும் பொருத்தப் போவதாகச் சொன்னான். “எதற்காக இந்தக் கலப்பு? எது எதற்குரியதோ அதைத்தானே மாட்ட வேண்டும்?” என்றேன். நஹ்வு ஆசிரியனின் கேள்வி அது.

அவன் பதில் சொல்லவில்லை. மறு ஞாயிறு என்னைக் காரில் ஏற்றி, கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே மாரின் மாவட்டத்தில் உள்ள ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். அங்கே 2015இல் திறக்கப்பட்ட ஒரு மிதிவண்டி அருங்காட்சியகம் இருக்கிறது. மலைமிதிவண்டியின் கதையை அங்கேதான் கேட்டேன்.

1933இல் சிகாகோவின் ஷ்வின் நிறுவனம், காற்று நிறைந்த பருத்த ‘பலூன்’ டயர்களைக் கொண்ட வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாளிதழ் போடும் சிறுவர்கள் ஓட்டிய கனத்த வண்டிகள் அவை. நாற்பது ஆண்டு கழிந்தபின், 1970களில், மாரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் அத்தகைய துருப்பிடித்த வண்டிகளைச் சில டாலருக்கு வாங்கி, மலைப்பாதைகளில் இறக்கி ஓட்டினார்கள். ஃபேர்ஃபாக்ஸுக்கு அருகில் சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் ஒரு மண்பாதை உண்டு. 1976 அக்டோபர் 21ஆம் நாள் அதில் முதல் பந்தயம் நடந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி, அச்சுக்குள் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’ என்று பெயர் வந்தது.

தேவை கற்பித்தது, அவர்கள் உறுப்புகளை மாற்றினார்கள். இருவர் ஓட்டும் வண்டியிலிருந்து டிரம் பிரேக், மோட்டார் சைக்கிளிலிருந்து பிரேக் பிடி, பந்தய வண்டியிலிருந்து கியர். என் மகன் வீட்டுக்கு அண்மையில் உள்ள குப்பர்டினோவைச் சேர்ந்த இளைஞர்கள் 1974லேயே பருத்த டயர் வண்டியில் கியர் பூட்டி மாரினில் நடந்த ஒரு பந்தயத்திற்கு வந்து, பார்த்தவர்களை வியப்பில் ஆழ்த்தினார்களாம். பழைய சட்டங்கள் அடிக்கடி முறிந்தன. ஆகவே ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே புதிய சட்டம் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்ப்பர்’ தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. பலூன் டயரின் 26 அங்குல அளவே முப்பது ஆண்டுக் காலம் மலைமிதிவண்டியின் மாறாத விதியாயிற்று.

“பார்த்தீர்களா வாப்பா, பிறப்பே கலப்பில்தான்” என்றான் மகன், திரும்பும் வழியில். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விதியும் நிலைக்கவில்லை. 2010க்குப் பின் சில ஆண்டுகளிலேயே புதிய மலைவண்டிகள் பெரிய சக்கரங்களுக்கு மாறிவிட்டன. 26 அங்குலத்தில் நல்ல ரிம்மும் டயரும் அருகின. ஆனால் 1980களின் எஃகுச் சட்டங்கள் இன்னும் உறுதியாகவே இருக்கின்றன. அவற்றை எறிய மனமில்லாதவர்கள் புதிய சக்கரம் பூட்டுகிறார்கள். எதை வேண்டுமானாலும் பூட்டிவிட முடியாது என்பதுதான் இதன் நுட்பம்.

அங்குலக் கணக்கு வெறும் பெயர். ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டமே உண்மையான அளவு. பழைய மலைவண்டிக்கு அது 559 மில்லிமீட்டர். பிரெஞ்சு நெடும்பயண வண்டிகளில் வழங்கிய 650பி என்னும் சக்கரத்திற்கு 584. பந்தய வண்டிக்கு 622. நம் ஊர்ப் பெரிய சைக்கிளுக்கு 635. என் மகன் தேர்ந்தது 584. காரணத்தைத் தாளில் எழுதிக் காட்டினான். பழைய ரிம்மில் 54 மி.மீ. பருமனுள்ள டயர் மாட்டினால் மொத்த விட்டம் 667. புதிய ரிம்மில் 42 மி.மீ. டயர் மாட்டினால் 668. ரிம் பெரிதாகிறது, டயர் மெலிகிறது. நிலத்திலிருந்து சட்டத்தின் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. திரும்பும்போதும் சாயும்போதும் வண்டி பழையபடியே நடந்துகொள்ளும்.

ஓரிடத்தில் மட்டும் மாற்றம் தெரியும். ரிம்மைக் கவ்வும் பிரேக்கைத் தாங்கும் குமிழ்கள் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டவை, அவை நகரா. ரிம்மின் விளிம்போ 12.5 மி.மீ. மேலே போய்விட்டது. ஆகவே கட்டையை மேலே தள்ளிப் பொருத்தும் நீண்ட துளையுள்ள பிரேக் வேண்டும். கட்டை சற்றே கூடுதலாக ஏறினாலும் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். இறங்கினால் ரிம்மை விட்டு நழுவிக் கம்பிகளுக்குள் பாயும். அரைமணி நேரம் அவன் அந்தக் கட்டையோடு போராடினான்.

இன்னொரு வேலைக்கு என் கையும் தேவைப்பட்டது. பழைய சட்டத்தின் பின்புற இடைவெளி 130 மி.மீ.; புதிய சக்கரத்தின் அச்சு 135. பக்கத்திற்கு 2.5 மி.மீ. வீதம் விரிக்க வேண்டும். அலுமினியமாக இருந்தால் இந்த வேலையில் இறங்கவே கூடாது, விரிசல் விடும். எஃகு இணங்கும் என்றான். மரை வெட்டிய தண்டில் நட்டுகளைத் திருகித் திருகி விரித்தான். விட்டவுடன் எஃகு தன் பழைய நிலைக்கே திரும்பியது. மீண்டும் சற்றுக் கூடுதலாக விரித்தான். இறுதியில் பின்முனையிலிருந்து ஒரு நூலைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து, “வாப்பா, இதை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றான். இரு பக்கமும் நூலுக்கும் நடுக்குழாய்க்கும் உள்ள தூரம் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்கவில்லை, ஒரு புறம் அதிகம் இளகியிருந்தது. நான் நூலைப் பிடிக்க, அவன் அளந்து அளந்து நேராக்கினான். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அப்போது எண்ணிப் பார்த்தேன்.

சட்டத்தின் பின்குழாயின் உட்புறத்தில் வண்ணம் தேய்ந்து எஃகு வெளுத்திருந்தது. அது என்னவென்று கேட்டேன். சிரித்தான். “முதலில் பின்னால் 622 சக்கரத்தை மாட்டிப் பார்த்தேன். பெரிய சக்கரம் என்றால் கூடுதல் சிறப்பு என்று ஆசை. பிரேக் எட்டவில்லை. முன் பிரேக் மட்டும் போதும் என்று ஒரு வாரம் ஓட்டினேன். அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் டயர் இங்கே உரசியது. உரசும் சத்தம் கேட்டது; கேளாதவன்போல் ஓட்டினேன். சட்டத்திலும் குறையில்லை வாப்பா, சக்கரத்திலும் குறையில்லை. அளவு பார்க்காதது என் குறை.”

அவன் மிதிவண்டியைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் எனக்கு, அரபிக் கல்லூரி விடுதியிலிருந்து ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்கு வந்து, யாரோடும் பேசாமல் மூலையில் அமர்ந்திருந்த ஒரு பதினான்கு வயதுப் பையன் நினைவுக்கு வந்தான். அந்த உரசலின் சத்தம் எனக்கும் கேட்டது. நானும் கேளாதவன்போல்தான் இருந்தேன். ஓதப்பட்ட கல்வியில் குறையில்லை, பிள்ளையிலும் குறையில்லை. அளவு பார்க்க வேண்டியவன் நான்.

‘இஸ்லாஹ்’ என்னும் அரபுச் சொல்லைச் சீர்திருத்தம் என்றே மேடைகளில் பெயர்த்துப் பழகிவிட்டோம். செப்பனிடுதல் என்பதும் அதன் பொருளே. அதே வேரிலிருந்து வருவது ‘ஸுல்ஹ்’, சமாதானம். தகுதியுடையவர், நல்லவர் என்னும் பொருள்படும் ‘ஸாலிஹ்’ என்பதும் அவ்வேரினதே. முப்பது ஆண்டாக மாணவர்க்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செப்பனிடுபவனே சமாதானம் காண்கிறான் என்பதை அந்தக் கொட்டிலில்தான் கற்றேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை ஜும்ஆ மேடையில் பலமுறை பேசியவன், என் வீட்டில் அறுந்ததைத் தைக்கவில்லை.

மக்ரிப் நேரம் நெருங்கியது. மகன் ஒளுச் செய்யப் போனான். வெகுநேரமாகியும் வராததால் எட்டிப் பார்த்தேன். நகக்கண்ணில் ஒட்டியிருந்த கிரீஸைக் குச்சியால் சுரண்டி, சோப்புப் போட்டு, மீண்டும் சுரண்டிக்கொண்டிருந்தான். நீர் சேரவிடாமல் தடுக்கும் பொருள் உறுப்பில் இருந்தால் ஒளு நிறைவேறாது என்பது நான் அவனுக்கு நடத்திய முதல் ஃபிக்ஹுப் பாடங்களுள் ஒன்று. மூன்று ஆண்டில் ஒன்றுமே தங்கவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லி வருந்தியிருந்தேன். பற்றவைத்த குமிழ்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

விரிப்பைப் போட்டதும் வழக்கம்போல் எனக்கு முன்னிடம் விட்டு நின்றான். “நீ நில் தம்பி” என்றேன். திகைத்துப் பார்த்தான்; பிறகு முன்னே நின்றான். நான் அவனுக்கு வலப்புறம் சற்றுப் பின்தள்ளி நின்றேன். அவன் ஓதுதலில் மத்து இருக்க வேண்டிய இடத்தில் மத்து இருந்தது. ஓரிடத்தில் ஒரு சிறு பிசகு; தொழுகைக்குப் பின் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் வண்டி முடிந்தது. பந்தயக் கைப்பிடி மாட்டுவான் என்று எதிர்பார்த்தேன். 1990இல் ஜான் டோமாக் என்ற வீரர் மலைவண்டியில் அவ்வாறு வளைந்த கைப்பிடி பூட்டிப் பந்தயத்தில் ஓட்டிய படத்தை அவன் காட்டியிருந்தான். ஆனால் அவன் பூட்டியிருந்தது நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் உள்ளதுபோல் பின்னோக்கி வளைந்த கைப்பிடி. பின்னால் கேரியர், கைலி சிக்காமலிருக்கச் செயினுக்கு மூடி, பித்தளை மணி. ஆசனத்தை இறக்கி வைத்திருந்தான். யாருக்காக என்று அவன் சொல்லவில்லை. ஆசனத்தின் உயரம் சொல்லிற்று.

மறுநாள் சுபுஹுக்குப் பள்ளிவாசலுக்கு அதில்தான் சென்றேன். ஜப்பானியச் சட்டம், பிரெஞ்சு அளவுச் சக்கரம், நம் ஊர்க் கைப்பிடி. எங்கும் உரசவில்லை. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன், பிடித்தது.